அறக்கொட்டியானின் பிடி

இலங்கையின் கிரான் பக்கத்து நெல்வட்டைகளில் வேளாண்மை நன்றாக நிற்கும்போது நடுவயலில் வட்டமாக ஒரு திட்டு மட்டும் கருகினால், தண்ணீர் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. பயிரை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியைப் பாருங்கள். அரிசிமணியிலும் சிறிய கபில நிறப் பூச்சிகள் அப்பிக்கிடக்கும். புத்தகத்தில் அதன் பெயர் கபில நிறத் தத்தி, வயலில் அறக்கொட்டியான்.

மெழுகு பூசினாற்போல வழுக்கும் நெல்தண்டில் நிற்க, அதன் பாதத்தில் இரண்டு கொக்கி நகங்களும் நடுவே மென்மையான திண்டும் உண்டு. ஆனால் உண்மையான பிடி வாயில் இருக்கிறது. ஊசிபோன்ற வாயுறுப்பைத் தண்டுக்குள் இறக்கும்போது பூச்சி உமிழ்நீரைக் கக்குகிறது. அது உறைந்து ஊசியைச் சுற்றி ஓர் உறையாகிறது. அந்த உறை தாங்கிக்கொள்ள, பூச்சி பயிரின் சாற்றை உறிஞ்சுகிறது.

இந்த உறைக்கு வேண்டிய ஒரு புரதத்தின் மரபணுவை சீனாவின் வூகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடக்கிப் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். உறை சரியாக அமையவில்லை. பூச்சிகளால் ஒழுங்காக உண்ண முடியவில்லை. எனக்கு வியப்பூட்டுவது அடுத்த செய்திதான்: அதே புரதம் நெல்லின் தற்காப்பையும் தூண்டிவிடுகிறது. எதைக் கொண்டு பூச்சி பற்றுகிறதோ, அதை வைத்தே பயிர் பூச்சியை அடையாளம் காண்கிறது.

தங்குவதா, பறப்பதா என்பதிலும் மரபணுவுக்குப் பங்குண்டு. இன்சுலின் ஏற்பிகள் இரண்டு இதைத் தீர்மானிப்பதாக 2015இல் தெரியவந்தது. ஒன்று வேலைசெய்தால் நீண்ட சிறகு. மற்றது அதைத் தடுத்தால் குட்டைச் சிறகு. குட்டைச் சிறகுள்ளவை பறந்து போகாமல் அங்கேயே பெருகும்.

நெல்லும் சும்மா இருக்கவில்லை. 1973இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐஆர் 26 இனம் ஒரே ஓர் எதிர்ப்பு மரபணுவை நம்பியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் பூச்சி அதற்குப் பழகிவிட்டது. இலங்கையின் பாரம்பரியச் சிவப்பு நெல்லான ரத்து ஹீனட்டியோ நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. அதன் எதிர்ப்பில் ஒன்றல்ல, அடுத்தடுத்து அமைந்த 3 மரபணுக்கள் சேர்ந்து உழைக்கின்றன என்று 2015இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பழைய விதைநெல்லைப் பேணுவது வெறும் ஏக்கமல்ல என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த பிஜி 379-2 இனமும் இந்தப் பூச்சியை எதிர்ப்பது. ஆனால் எந்த இனத்தை விதைத்தாலும் யூரியாவை அளவுக்கு மேல் போட்டால் பூச்சி பெருகும். கண்டபடி மருந்தடித்தால் பூச்சியைத் தின்னும் சிலந்திகள் முதலில் செத்துப்போகும். ஆகவே தெளிகருவியைத் தோளில் போடுமுன் வயலின் நாலைந்து இடங்களில் தண்டின் அடியைப் பாருங்கள். சிலந்திகளையும் சேர்த்து எண்ணுங்கள்.