முதுமை உளவியலுக்கு ஒரு விருது

அமெரிக்க உளவியல் சங்கத்தின் மருத்துவ உளவியல் பிரிவில், முதியோரிடையே பணிபுரியும் உளவியலாருக்கெனத் தனிக் கிளை ஒன்று உண்டு. முதுமைக்கால மனநலத் துறைக்குச் சிறந்த பங்களித்தோருக்கு அக்கிளை வழங்கும் விருது எம். பவல் லாட்டன் என்னும் அறிஞரின் பெயரைத் தாங்கியுள்ளது. அந்நாட்டு முதுமையியல் கழகமும் அவர் பெயரால் வேறொரு விருதை நிறுவியுள்ளது. ஆய்வின் பயனாகச் சிகிச்சையிலோ, பணிமுறையிலோ, அரசின் கொள்கையிலோ முதியோர் வாழ்வை மேம்படுத்தும் மாற்றம் விளைந்திருக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. நூலகத்தில் உறங்கும் ஆய்வுக்கு அங்கு இடமில்லை.

இத்தகைய விருது எளிதில் தோன்றிவிடவில்லை. ஐம்பது வயதை நெருங்கியோரின் மனம் நெகிழ்வை இழந்துவிடுவதால் உளப்பகுப்பாய்வு அவர்களுக்குப் பயன்படாது என்று சிக்மண்ட் பிராய்டு 1904-இல் ஆற்றிய சொற்பொழிவொன்றில் கூறினார். அப்போது அவருக்கே வயது 48. அவருடைய முக்கிய நூல்களுள் பல அதன் பின்னரே வெளிவந்தன என்பது வேறு செய்தி. ஆயினும் இக்கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. முதியவரின் சோர்வும் மறதியும் வயதின் இயல்பென ஒதுக்கப்பட்டன. தீர்க்கக்கூடிய மனச்சோர்வும் அவ்வாறே கவனிக்கப்படாமல் போயிற்று.

1923-இல் பிறந்து 2001-இல் மறைந்த லாட்டன், பிலடெல்பியா நகரின் முதியோர் மையமொன்றில் ஆய்வை நடத்தினார். 1969-இல் எலைன் பிராடியுடன் இணைந்து அவர் வெளியிட்ட அளவுகோல் எளிமையானது. தொலைபேசியைப் பயன்படுத்துதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம் செய்தல், மருந்தை வேளை தவறாது உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் ஆகிய எட்டுச் செயல்களில் முதியவர் எவற்றைத் தாமே செய்கிறார் என்று அது கேட்கிறது. நோயின் பெயரை அறிவதோடு நில்லாமல், எந்த வேலையில் எவ்வளவு துணை வேண்டும் என்பதையும் இதனால் அறியலாம். ஒருவரைக் காப்பகத்தில் சேர்ப்பதா, வீட்டிலேயே உதவியளித்து வாழவைப்பதா என்னும் முடிவு பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது.

அளவுகோலிலும் பெரிது அவருடைய மற்றொரு கருத்து. லூசில் நஹெமோவுடன் 1973-இல் அவர் வகுத்த கோட்பாட்டின்படி, முதியவரின் நடத்தை அவருடைய ஆற்றலால் மட்டும் அமைவதில்லை. சூழல் அவரிடம் எவ்வளவு கேட்கிறது என்பதையும் பொறுத்தது. ஆற்றல் குறையக் குறையச் சூழலின் பிடி இறுகும். உயரமான படிக்கட்டு இளைஞருக்கு ஒரு பொருட்டன்று. முழங்கால் வலியுள்ள மூதாட்டியை அதுவே வீட்டுக்குள் அடைத்துவிடும். மறுபுறம், எல்லாவற்றையும் பிறரே செய்து கொடுத்தாலும் எஞ்சியுள்ள ஆற்றல் மங்கிப்போகும். இக்கருத்து கட்டடமாகவும் உருப்பெற்றது. பிலடெல்பியா மையத்தில் 1974-இல் திறக்கப்பட்ட வைஸ் நிலையத்தில், அகன்ற நடுக்கூடத்தைச் சுற்றி அறைகள் அமைக்கப்பட்டன. நினைவு தேய்ந்தவர்கள், அறை வாயிலில் நின்றபடியே உணவு உண்ணும் இடத்தைக் கண்டுகொள்ள முடிந்தது.

இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானோரை 2017-18-இல் ஆராய்ந்த தேசிய முதுமை ஆய்வும், லாட்டன் அளவுகோலின் வழிவந்த வினாக்களைக் கேட்டது. இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். பழைய அளவுகோலில் சமையல், வீட்டுவேலை, துவைத்தல் ஆகியவை ஆண்களுக்குக் கணக்கிடப்படவில்லை. பெண்களுக்கு எட்டும் ஆண்களுக்கு ஐந்துமே மதிப்பெண்கள். அக்கால வழக்கம் அது. நம் நாட்டில் வாழ்நாள் முழுவதும் அடுப்படிக்குள் நுழையாத முதியவரும், வங்கிக்கே சென்றிராத மூதாட்டியும் ஏராளம். இவர்கள் “செய்வதில்லை” என்று சொல்வதை “செய்ய இயலாது” என்று படிவத்தில் குறித்தால், பழக்கமின்மை நோயாகிவிடும். துணையை இழந்தபின் அத்திறன்களைக் கற்றுக்கொள்ளக்கூடியவர்கூட, இயலாதவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். இவ்வேறுபாட்டைப் பிரித்தறிவது பயிற்சி பெற்ற உளவியலாரின் வேலை. கணக்கெடுப்பாளரிடம் அதை எதிர்பார்ப்பது முறையன்று.

மைய அரசின் சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகம் வழங்கும் ‘வயோசிரேஷ்ட சம்மான்’ 2013 முதல் தேசிய விருதாக உயர்த்தப்பட்டது. நூறாண்டு கண்டோர், கலைஞர், விளையாட்டு வீரர், துணிவுச் செயல் புரிந்தோர் முதலிய முதியவர்களும், அவர்களுக்குத் தொண்டாற்றும் நிறுவனங்களும் இதற்குரியோர். உளவியலாருக்கெனத் தனிப்பிரிவு அதில் அமைக்கப்படவில்லை. முதுமை பற்றிய ஆய்வில் சிறந்த நிறுவனம் என்னும் பிரிவு உண்டு; இத்துறையில் பணிபுரியும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் மனநல நிலையங்களுக்கும் நெருங்கிய பிரிவு அதுவே.