கீழ்ப்படிந்தவர்கள் – 9: எண்ணப்படாத ஒரு வாக்கு

1938 ஏப்ரல் 10 அன்று ஆஸ்திரியாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஹிட்லரின் படை நாட்டுக்குள் நுழைந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. ஜெர்மனியோடு இணைந்ததற்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி. வாக்குச்சீட்டில் 'ஆம்' என்பதற்குப் பெரிய வட்டம், 'இல்லை' என்பதற்கு ஓரமாக ஒரு சின்ன வட்டம். பவேரிய எல்லையில், ஸால்சாக் ஆற்றையொட்டி இருக்கும் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் ஒரே ஒரு விவசாயி 'இல்லை' என்று வாக்களித்தார். ஊர் நிர்வாகம் அந்தச் சீட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. நூற்றுக்கு நூறு 'ஆம்' என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள். நம்மூர்க்காரன் மாட்டிக்கொள்ள வேண்டாமே என்ற கரிசனம் அதில் இருந்திருக்கலாம். ஊருக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்ற பயமும் இருந்திருக்கலாம்.

அந்த விவசாயியின் பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். ஆபிரகாம் தொடங்கி இதுவரை இத்தொடரில் வேதாகமத்து மனிதர்களையே பார்த்து வந்தோம். "அதெல்லாம் அந்தக் காலம், ஆண்டவர் நேரில் பேசிய காலம்" என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஆண்டவரின் குரல் காதில் விழாத ஒரு மனிதர், கையில் வேதமும் நெஞ்சில் மனசாட்சியும் மட்டும் இருக்க, எப்படிக் கீழ்ப்படிந்தார் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஃபிரான்ஸ் பிறவிப் புனிதர் அல்ல. 1907 மே 20 அன்று, மணமாகாத ஒரு பண்ணை வேலைக்காரிக்கு மகனாகப் பிறந்தார். தகப்பன் முதல் உலகப் போரில் செத்துப்போனார். தாய் பின்னர் ஒரு விவசாயியை மணந்தார். யேகர்ஷ்டேட்டர் என்ற குடும்பப் பெயர் அவர் கொடுத்தது. வாலிபத்தில் ஃபிரான்ஸ் முரட்டுப் பேர்வழி. ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தான். சில வருடம் ஐசனெர்ட்ஸ் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். திருமணத்துக்கு முன்பே அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1936இல் புனித வியாழன் அன்று ஃபிரான்ஸிஸ்கா என்ற பெண்ணை மணந்தார். கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் ரோமாபுரிக்குப் புறப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் விசுவாசம் ஆழமானது என்று ஊரார் சொன்னார்கள். அவரை மாற்றியவள் மனைவி என்றும் சொன்னார்கள். பின்னாளில் அதே பேச்சைப் பழியாக்கி அவள் தலையில் போட்டார்கள்.

ஃபிரான்ஸின் கீழ்ப்படிதல் சிறைக்குள் ஒரே நாளில் முளைத்ததல்ல. ஹிட்லரின் படை நுழைந்த பின் ஊர்த்தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது, வேண்டாம் என்றார். பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த குடும்ப உதவித்தொகையை வாங்கவில்லை. கட்சிக்காரர்கள் வசூலுக்கு வந்தால் கொடுக்கவில்லை. ஏழை வீடுகளுக்குத் தானே உணவு கொண்டுபோய்க் கொடுத்தார். அரசியல் பேசிச் சண்டை வளர்வதைத் தவிர்க்க மதுக்கடைப் பக்கம் போவதையே நிறுத்தினார். 1941 கோடையில் ஊர்க் கோயிலுக்குக் கோயில்பிள்ளையானார். மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது என்று அன்றாட வேலைகள். மூன்று பெண் குழந்தைகள், மாடு, வயல். இதற்கு நடுவில் இந்தச் சின்னச் சின்ன மறுப்புகள். பெரிய சோதனை வருகிற நாளில் ஒருவர் எப்படி நிற்பார் என்பதை அதற்கு முந்தைய சில வருடங்களிலேயே பார்த்துவிடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1940 ஜூனில் முதல் அழைப்பு வந்தபோது அவர் போனார். ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் ஊரில் ராணுவ உறுதிமொழியும் எடுத்தார். அந்த உறுதிமொழி, கடவுளைச் சாட்சிக்கு அழைத்து, ஹிட்லர் என்ற ஒரு மனிதருக்கு நிபந்தனை எதுவும் இல்லாத கீழ்ப்படிதலைத் தரச் சொன்னது. ஊர்த்தலைவர் முயன்றதால் சில நாளிலேயே வீடு திரும்பினார். அக்டோபரில் மறுபடி அழைப்பு வந்தது; என்ஸ் நகரில் ஏறக்குறைய ஆறு மாதம் பயிற்சி. அங்கேதான் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். மனநோயாளிகளை அரசே கொன்றுவருகிறது என்ற செய்தியும் அந்தக் காலத்தில்தான் அவர் காதுக்கு எட்டியது. 1941 ஏப்ரலில் வீட்டுக்கு வந்தவர், இன்னொரு முறை கூப்பிட்டால் போக மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார். எட்டு வருட ஊர்ப் பள்ளிப் படிப்புதான். ஆனால் கேள்விகள் கூர்மையானவை. இது கடவுள் மறுப்பாளர்களுக்கு எதிரான போர் என்று பிரசங்கம் செய்கிறார்களே, அப்படியானால் ருஷ்யாவின் எண்ணெயும் கனிமமும் விளைநிலமும் எதற்கு? அநியாயமான போர் என்று தெரிந்தும் துப்பாக்கி தூக்கினால், மேலதிகாரி மேல் பழியைப் போட்டு நியாயத்தீர்ப்பு நாளில் தப்பிக்க முடியுமா? இப்படிப் பக்கம் பக்கமாக எழுதினார்.

அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருமே ஒரே அறிவுரையைத்தான் சொன்னார்கள். பெற்ற தாய் அழுதார். உறவினர்கள் கோபித்தார்கள். அவர் மதித்த பங்குத்தந்தையை ஒரு பிரசங்கத்துக்காகக் கைது செய்து ஊரை விட்டே அனுப்பியிருந்தார்கள். மிச்சமிருந்த குருக்களும் குடும்பத்தை நினைத்துப் பார் என்றார்கள். கடைசியில் லின்ஸ் நகரில் இருந்த ஆயர் யோசப் ஃப்ளீசரைப் பார்க்கப் போனார். ஃபிரான்ஸிஸ்காவும் கூடப் போனார். பக்கத்து அறையில் காத்திருந்தார். போர் நியாயமானதா என்று பார்ப்பது சாதாரணக் குடிமகனின் வேலையல்ல, உன் பொறுப்பு உன் குடும்பம் என்பதுதான் ஆயரின் பதில். வெளியே வந்த ஃபிரான்ஸின் முகம் வாடியிருந்தது. அவர்களுக்கும் பயம் இருக்கிறது, வாய் திறந்தால் அடுத்து அவர்கள் கழுத்துக்கு வரும் என்ற அர்த்தத்தில் மனைவியிடம் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஃபிரான்ஸ் கத்தோலிக்கர், திருச்சபையின் பிள்ளை. ஆயரின் சொல் அவருக்குச் சாதாரணப் பேச்சல்ல. அதிகாரத்துக்கு அடங்கி நடக்கும்படி ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்லியிருப்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அதே வேதாகமத்தில், ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, மனிதருக்கு அல்ல, தேவனுக்கே முதலிடம் என்று பேதுரு பேசிய பகுதியும் இருக்கிறது. அதுமட்டுமல்ல, இதே லின்ஸ் மறைமாவட்டத்தின் முந்தைய ஆயர் க்ஃபோல்னர், நாசிக் கொள்கையும் கத்தோலிக்க விசுவாசமும் ஒன்றுசேர முடியாது என்று 1933இலேயே சுற்றுமடல் எழுதியிருந்தார். அதைத்தான் ஃபிரான்ஸ் பிடித்துக்கொண்டார். திருச்சபை தனக்குச் சொல்லிக்கொடுத்ததை, அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மறந்தபோதும் அவர் மறக்கவில்லை. இது அடங்காமை அல்ல. நான் பார்த்தவரையில், கீழ்ப்படிதலின் மிக வலி நிறைந்த வடிவம் இதுதான்.

நம் சபைகளில் கீழ்ப்படிதலைப் பற்றிய பிரசங்கத்துக்குக் குறைவில்லை. பெரும்பாலும் அது யாருக்குச் சொல்லப்படுகிறது? பிள்ளைகளுக்கு, மருமகளுக்கு, கேள்வி கேட்கிற வாலிபனுக்கு. ஆண்டவருக்குக் கீழ்ப்படி என்று தொடங்கி, எனக்குக் கீழ்ப்படி என்பதில் வந்து முடிகிற பிரசங்கங்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கர்த்தாவே, கர்த்தாவே என்று வாயால் கூப்பிடுவது போதாது, பிதாவின் சித்தத்தைச் செய்கிறவர்தான் உள்ளே வருவார் என்று இயேசு மலைப்பிரசங்கத்தின் முடிவில் எச்சரித்தது, பணிவான முகத்தைப் பற்றிய பேச்சல்ல. யாருடைய சித்தம் என்பதுதான் அங்கே கேள்வி. சாங்க்ட் ராடெகுண்டில் அன்று கீழ்ப்படியாத ஆள் கிடையாது, ஊரே கீழ்ப்படிந்தது. யாருக்கு என்று நின்று யோசித்தவர் ஒருவர்தான்.

1943 பிப்ரவரியில் மூன்றாவது அழைப்பு வந்தது. மார்ச் 1 அன்று என்ஸ் முகாமுக்குப் போனார். ஒளியவோ தப்பி ஓடவோ இல்லை. ஓடினால் குடும்பத்தைத் தொந்தரவு செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். துப்பாக்கி ஏந்த முடியாது என்று அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். காயம்பட்டவர்களைத் தூக்கும் மருத்துவப் பணி என்றால் வருகிறேன் என்றும் சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லின்ஸில் இரண்டு மாதம் சிறை. மே 4 அன்று பெர்லினின் டேகல் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அதே டேகல் சிறையில் ஒரு மாதம் முன்பிருந்தே வேறொருவர் அடைபட்டிருந்தார்: லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் இரண்டாகப் பிரிக்க முடியாது, கீழ்ப்படியாதவர் விசுவாசிக்கவும் முடியாது என்று 1937இல் ஒரு புத்தகம் முழுக்க வாதாடியவர். அதை எழுதிய இறையியல் அறிஞரும், அந்தப் புத்தகத்தைத் தொடாமலே அப்படி வாழ்ந்த விவசாயியும் மூன்று மாதம் ஒரே சிறையின் சுவர்களுக்குள் இருந்தார்கள்.

வீட்டிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. மூன்று சிறுமிகளும் நிற்கிறார்கள். அன்புள்ள அப்பா, சீக்கிரம் வாருங்கள் என்று எழுதிய பலகை அவர்கள் கையில். மூத்தவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பியதோ இல்லையோ. ஆபிரகாமுக்கு மோரியா மலையில் வந்த சோதனையைப் பற்றி இத்தொடரில் எழுதியபோது, அந்தத் தகப்பனின் மனநிலையை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் படத்தைப் பார்க்கும்போதும் அப்படித்தான். பிள்ளைகள்மேல் பாசம் இல்லாத மனிதரின் பிடிவாதம் இது என்று சொல்கிறவர்கள் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்க வேண்டும். விதைப்பு எப்படி, மாடு எப்படி, சின்னவள் என்ன பேசுகிறாள் என்று வரிக்கு வரி கேட்டிருக்கிறார்.

ஜூலை 6 அன்று ராணுவ உச்ச நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அவர் மனதை மாற்றலாம் என்ற நம்பிக்கையில் வழக்கறிஞர் ஃபிரான்ஸிஸ்காவையும் ஊர்க் குருவையும் பெர்லினுக்கு வரவழைத்தார். இருபது நிமிடச் சந்திப்பு. குரு வாதாடிப் பார்த்தார். ஃபிரான்ஸிஸ்கா வாதாடவில்லை. ஆரம்பத்தில் அவரும் கணவரிடம் கெஞ்சியவர்தான். ஆனால் எல்லாரும் கணவரைத் திட்டத் தொடங்கியபோது, நானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று முடிவெடுத்தவர். இந்தப் பெண்ணின் கீழ்ப்படிதல் கணவருடையதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. கணவர் ஒரு நாளில் செத்தார். மனைவி அதற்குப் பிறகு சுமார் எழுபது வருடம் அதைச் சுமந்தார்.

ஆகஸ்ட் 9, 1943. பிராண்டன்பர்க் சிறை. ராணுவச் சேவைக்குச் சம்மதம் என்று எழுதிய காகிதம் மேசைமேல் இருந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் உயிர் பிழைக்கலாம் என்று சிறைக்குரு யோக்மன் எடுத்துச் சொன்னார். ஃபிரான்ஸ் அதை ஒதுக்கி வைத்தார். மாலை நான்கு மணிக்குத் தலையை வெட்டினார்கள். தன் வாழ்நாளில் சந்தித்த ஒரே புனிதர் இவர்தான் என்று யோக்மன் பின்னர் ஆஸ்திரியக் கன்னியர்களிடம் சொன்னார்.

அவர் மரணத்தால் போர் ஒரு நாள்கூட முன்னதாக நிற்கவில்லை. அந்தக் காலத்து ராணுவ நீதிமன்றங்கள் தண்டித்தவர்களில் அவர் மட்டும் தனியாள் என்றும் சொல்ல முடியாது. யெகோவா சாட்சிகளில் பலர் இதே மறுப்புக்காகக் கொல்லப்பட்டார்கள். நம் சபைகள் அவர்களை நினைப்பதே இல்லை, அது சரியில்லை. ஃபிரான்ஸும் தன்னைப் பெரிதாக எண்ணிக்கொள்ளவில்லை. போர்முனைக்குப் போன ஊர்க்காரர்களைக் குறை சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த அருள் அவர்களுக்குக் கிடைத்திருக்காது என்றே நினைத்தார்.

போர் முடிந்தபின் ஊர் மன்னித்துவிடவில்லை. ஃபிரான்ஸிஸ்காவுக்கு விதவை உதவித்தொகை 1950 வரை கிடைக்கவில்லை. ஃபிரான்ஸைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் போட ஆயர் ஃப்ளீசர் 1946இல் அனுமதிக்கவில்லை. கடமை என்று நம்பிப் போரிட்டு மடிந்த வாலிபர்களே பெரிய வீரர்கள் என்றார். 1964இல் கோர்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் புத்தகம் எழுதிய பிறகுதான் உலகத்துக்கு இந்தப் பெயர் தெரிந்தது. அடுத்த வருடம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மனசாட்சியின்படி போரை மறுப்பவர்களுக்காக யேகர்ஷ்டேட்டரின் கதையை எடுத்துவைத்தவர் ஒரு முன்னாள் பம்பாய்ப் பேராயர்: தாமஸ் ராபர்ட்ஸ். அப்படி மறுப்பவர்களை மனிதாபிமானத்தோடு நடத்தச் சட்டங்கள் வேண்டும் என்று சங்கம் தன் ஏட்டில் எழுதியது.

1997இல் பெர்லின் நீதிமன்றம் அந்த மரண தண்டனையை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26 அன்று, எந்த லின்ஸ் நகரில் ஆயர் அவரைத் திருப்பி அனுப்பினாரோ அதே நகரின் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 94 வயது ஃபிரான்ஸிஸ்கா முன்வரிசையில் இருந்தார். 2013இல், நூறு வயது நிறைந்த சில நாளில் காலமானார்.

யேகர்ஷ்டேட்டரின் திருநாள் மே 21. அவர் ஞானஸ்நானம் பெற்ற நாள் அது. கொல்ல மாட்டேன் என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக இன்றும் பல நாடுகளில் பலர் சிறையில் இருக்கிறார்கள். உங்கள் குடும்ப ஜெபத்தில் அவர்களையும், வெளியே காத்திருக்கும் அவர்களுடைய மனைவி மக்களையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

(தொடரும்)