இழுப்பு இல்லாத நாளிலும் மருந்து



கேரித் தீவில் நடுராத்திரியில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டால் வீடு படும் பாட்டைத் தோட்டத்துத் தாய்மார்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிள்ளை படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோலச் சத்தம் கேட்கும். சுற்றிலும் செம்பனை மரங்கள். வண்டிக்கு ஆள் பிடித்து, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பந்திங்குக்கோ கிள்ளானுக்கோ போய்ச் சேரவேண்டும். ஆகவே, ஆஸ்துமா என்னும் இந்த நோயை ராத்திரியில் எதிர்கொள்வதைவிடப் பகலிலேயே கவனித்துவிடுவதுதான் நமக்கு நல்லது.

நுரையீரலுக்குள் காற்றுப் போகும் குழாய்கள் மரக்கிளைகள்போலப் பிரிந்து பிரிந்து செல்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தக் குழாய்களின் உட்புறம் சற்று வீங்கியே இருக்கும். பிள்ளை ஓடி ஆடி விளையாடும் நாளிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கக்கூடும். அதன்மேல் தூசியோ புகையோ தடுமலோ வந்து சேர்ந்தால், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, கோழையும் அடைக்கிறது. அதைத்தான் நாம் இழுப்பு என்கிறோம்.

இதனால்தான் மருந்தும் இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும் சல்புட்டமோல். பெரும்பாலும் நீல நிறப் பம்பில் வருவது. மற்றொன்று, உள் வீக்கத்தை ஆற்றும் மருந்து. பெக்லோமெத்தசோன், புடேசொனைட் போன்றவை. இதைச் சுகமாக இருக்கும் நாளிலும், டாக்டர் சொன்னபடி, தவறாமல் எடுக்கவேண்டும். நம்மவர்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். எடுத்தவுடன் எதுவும் தெரிவதில்லை; ஆகவே பயனில்லை என்று அலமாரியில் வைத்துவிடுகிறோம். நீலப் பம்ப் உடனே சுகம் தருவதால் அதையே நம்பியிருக்கிறோம். கீனா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீல மருந்தை மட்டும் கொடுக்கும் முறையை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று 2019-இல் அறிவித்தது. அடிக்கடி நீலப் பம்பைத் தேடினால் உள்ளே வீக்கம் ஆறவில்லை என்றே பொருள். அப்போது டாக்டரிடம் போகவேண்டும்.

"பம்ப் பழகினால் அப்புறம் விடமுடியாது, மாத்திரையே போதும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கணக்குப் பார்ப்போம். சல்புட்டமோல் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். பம்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம்; சிறிய மாத்திரையில் 20-இல் ஒரு பங்குதான். மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றி, கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் நெஞ்சுக் குழாய்க்குத் தருகிறது. பம்போ நேரே போகவேண்டிய இடத்துக்குப் போகிறது. ஆடாதோடைக் கஷாயத்தையும் நான் குறை சொல்லவில்லை. அதிலுள்ள பொருளைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தையே உருவாக்கினார்கள். அது கோழையை இளக்கும். வீக்கத்தை ஆற்ற அது போதாது.

சிறு பிள்ளைகளுக்குப் பம்பை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் கைகூடாது. மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். இதற்காகக் கடையில் விற்கும் குழல் விலை அதிகம் என்றால், 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதும். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் டாக்டர்கள் இதைப் பிள்ளைகளிடம் சோதித்து, கடைக் குழலுக்கு இணையாக வேலை செய்கிறது என்று 1999-இல் எழுதினார்கள். போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துமளவு துளையிடுங்கள். பிள்ளை போத்தலின் வாயை உதட்டால் கவ்விக்கொள்ளட்டும். பம்பைக் குலுக்கி ஒருமுறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு இழுத்து விடச் செய்யுங்கள். வீக்கத்துக்கான மருந்தை எடுத்தபின் வாயைக் கொப்பளிக்கவேண்டும். இல்லாவிட்டால் வாய்ப்புண் வரலாம்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005 ஆகஸ்ட் 11-இல் புகைமூட்டம் தாங்காமல் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். காற்றுத் தூய்மைக் குறியீடு அங்கே 500-ஐத் தாண்டியிருந்தது. அந்தப் புகையை நாம் தடுக்கமுடியாது. கதவை அடைத்து உள்ளே இருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் பின்னால் எரிக்கும் குப்பை, கொசுவத்திச் சுருள், அப்பாவின் சிகரெட், இவற்றை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் பிள்ளை இல்லாத நேரத்தில் போட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. நம் ஈரக் காற்றில் தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி பெருகும். உறைகளை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இழுப்பு வந்துவிட்டால், பிள்ளையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். நீலப் பம்பை ஒவ்வொன்றாக நான்குமுறை கொடுத்து, நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மீண்டும் நான்கு. உடனே 999-ஐ அழையுங்கள், அல்லது வண்டியை எடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லமுடியாமல் திணறினாலும், விலா எலும்புக்கு இடையே சதை உள்ளிழுத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் அந்த நான்கு நிமிடமும் காத்திருக்கவேண்டாம். திணறிக்கொண்டிருந்த பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் திடீரென்று அடங்கி, பிள்ளையும் சோர்ந்துபோனால், "தூங்கிவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே போகவில்லை என்பதால்தான் சத்தமும் இல்லை. வண்டியில் போகும்போதும் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பம்பைக் கொடுத்துக்கொண்டே போங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.