வெள்ளைக் கேன்வாஸிலிருந்து கார்பன் கூடு வரை

திங்கட்கிழமை பி.டி. பீரியடுக்காக ஞாயிறு மாலையே கேன்வாஸ் ஷூவைத் துவைத்து, ஈரம் காய்வதற்குள் சாக்பீஸ் தேய்த்து வெள்ளையாக்கிய தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்த ஷூ எத்தனை அடுக்கு என்று அன்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியே ஒரு துணி, உள்ளே ஒரு துணி, இரண்டுக்கும் நடுவே பசை, கீழே ரப்பர் அடி, அடியும் துணியும் சேரும் இடத்தை மறைத்துச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. இவை எல்லாவற்றையும் கால் வடிவக் கட்டை ஒன்றின் மேல் வரிசையாக ஒட்டி, கட்டையோடு சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைக்கிறார்கள். வெந்து வெளியே வரும்போது அது ஒரே பொருள்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி ஓடும் ஸ்கேட்டிங் வீரர்கள் அணிகிற, பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள கார்பன் பூட்ஸ் செய்யப்படுவதும் ஏறக்குறைய இதே வித்தையில்தான். துணிக்குப் பதில் கார்பன் இழை, ரப்பர் பசைக்குப் பதில் ரெசின். கட்டை, அடுக்கு, சூடு, அழுத்தம் என்ற நான்கும் அப்படியே இருக்கின்றன. இந்த வித்தை இந்தியாவில் பெரிய அளவில் வேர்பிடித்த ஊர்களில் முக்கியமானது கொல்கத்தா.

ஹூக்ளிக் கரையில் ஒரு ஷூ ஊர்

பாட்டா நம்மூர்க் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். உண்மையில் அது இன்றைய செக் குடியரசிலுள்ள ஸ்லீன் நகரத்தில் பிறந்தது. இந்தியாவில் 1932ல் கல்கத்தாவுக்கு வடக்கே கொன்னகரில் சிறிதாகத் தொடங்கி, 1934ல் நகரத்துக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஆலையைச் சுற்றிக் குடியிருப்பும் எழுந்து, அந்த இடத்துக்கே பாட்டாநகர் என்று பெயர் வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சி வகுப்புக்கென்று ‘பாட்டா டென்னிஸ்’ ஷூவை 1936ல் இந்தியாவில் உருவாக்கினார்கள். நாம் சாக்பீஸ் தேய்த்த வெள்ளை ஷூக்களுக்கெல்லாம் அதுதான் மூத்த அண்ணன்.

தோல் பதனிடுவது அதற்கும் முன்பே அங்கே இருந்தது. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட 1905ல், புகழ்பெற்ற மருத்துவர் நீல்ரதன் சர்க்கார் கல்கத்தாவில் நேஷனல் டேனரியைத் தொடங்கினார். 1919ல் அரசின் கல்கத்தா ரிசர்ச் டேனரி வந்தது. பிறகு பெங்கால் டேனிங் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம், இன்று அரசுப் பொறியியல் மற்றும் தோல் தொழில்நுட்பக் கல்லூரியாக இயங்குகிறது. அங்கே பணியாற்றிய பி.எம். தாஸ்தான் சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின், அதாவது சி.எல்.ஆர்.ஐ.யின், முதல் இயக்குநர். தோல் விஷயத்தில் கொல்கத்தாவும் சென்னையும் ஒட்டுறவு கொண்டது அப்போதிருந்து.

டாங்ராவில் ஹக்கா சீனர்கள் நடத்திய தோல் பட்டறைகளும், பென்டிங்க் தெருவில் அவர்கள் வைத்திருந்த ஷூ கடைகளும் இந்தக் கதையின் இன்னொரு பக்கம். டாங்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளிலிருந்த பட்டறைகளை நகரத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கிழக்குப் புறநகரான பான்தலாவில் தோல் தொழிலுக்கென்றே பெரிய வளாகம் உருவானது. இடம்தான் மாறியது, தொழில் கொல்கத்தாவை விட்டுப் போகவில்லை.

கட்டை சொல்லும் காலின் கதை

அளவெடுத்து ஷூ தைப்பவர் முதலில் தேடுவது தோலை அல்ல, கட்டையை. முன்பு மரத்தில் செதுக்கியது இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் இதை லாஸ்ட் என்பார்கள். தோலை இதன் மேல் போர்த்தி, குறட்டால் இழுத்து, கீழே ஆணியடித்துப் பிடித்து வைத்தால், சில மணி நேரத்தில் தோல் அந்த வடிவத்தை மனப்பாடம் செய்துகொள்ளும்.

கட்டை என்பது காலின் நகல் அல்ல. சாதாரண ஷூவுக்கான கட்டை காலைவிட நீளமானது. நடக்கும்போது பாதம் முன்பக்கம் மடங்கும், விரல்கள் முன்னே நகரும், அதற்கு இடம் வேண்டும். ஸ்கேட் பூட்ஸில் கதை தலைகீழ். அதன் அடிப்பாகம் மடங்கவே கூடாது. கட்டைவிரல் முன்சுவரைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். குதிகால் ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பக் கூடாது. ஆகவே பந்தய பூட்ஸுக்கான கட்டை நிஜப் பாதத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். முன்னணி வீரர்களுக்குக் காலை அச்செடுத்தோ, முப்பரிமாண ஸ்கேனரில் பதிவு செய்தோ, அவரவர் காலுக்கென்றே கட்டை தயாராகிறது.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டிய காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில், சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் கடந்து தங்கம் வென்றார். அதே தொடரில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம், 500 மீட்டரில் வெண்கலம். அந்த 1000 மீட்டரில் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டருக்கு மேல். இதே வேகத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். வளைவின் விசையும் சொந்த எடையும் சேர்ந்து, அவர் காலில் ஏறும் சுமை 82 கிலோ எடைக்குச் சமம். உதைத்துத் தள்ளும் விசை இதற்கு மேல். எல்லாம் ஒற்றைக் காலில், ஒரே வரிசையில் நிற்கும் மூன்று அல்லது நான்கு சக்கரங்களின் மேல். பூட்ஸுக்குள் பாதம் சற்றே வழுக்கினால், உதைத்த விசையில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் உள்ளேயே வீணாகும்.

கைக்குட்டையும் காகிதமும்

ஒரு கார்பன் பூட்ஸைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், உள்ளிருந்து வெளியே இப்படி வரும்: பாதத்தைத் தொடும் மென்மையான மைக்ரோஃபைபர் உறை, கணுக்கால் எலும்பைச் சுற்றிக் குழிவாக அமைந்த ஃபோம், ரெசினில் ஊறி இறுகிய கார்பன் துணி அடுக்குகள், அதற்கு மேல் தோல் அல்லது செயற்கைத் தோல். குதிகாலும் பாதத்தின் முன்பகுதியும் வரும் இடங்களில், சக்கரச் சட்டத்தைத் திருகுவதற்கான உலோகத் துண்டுகள் அடியில் புதைந்திருக்கும். பந்தய பூட்ஸ்களில் இந்தத் திருகு இடங்களுக்கு நடுவே 195 மில்லிமீட்டர் தூரம் என்பது பரவலான வழக்கம். அதனால் ஒரு கம்பெனி பூட்ஸில் இன்னொரு கம்பெனியின் சட்டம் பொருந்திவிடும்.

செய்யும் வரிசையும் இதுதான். கட்டையின் மேல் முதலில் உறை, பிறகு ஃபோம், அதன் மேல் கார்பன் துணி. தலைமுடியைவிடப் பத்து மடங்கு மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது ஒரு நூல். அந்த நூலில் நெய்ததுதான் கார்பன் துணி. கத்தரியால் வெட்டலாம், கையால் மடக்கலாம், புடவைத் துணி போல வழுக்கும். ரெசின் இறுகிய பிறகுதான் அதன் பலம் தெரியும்.

துணியை எந்தத் திசையில் வைப்பது என்பதில்தான் கைவினைஞரின் அனுபவம் தெரியும். ஒரு கைக்குட்டையை எடுத்து எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், அசையாது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள், ரப்பர் போல நீளும். நூல் ஓடும் திசையில்தான் துணிக்குப் பலம். கழுத்துப் பட்டிக்கு கிராஸ் பீஸ் வெட்டும் தையல்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பூட்ஸின் அடிப்பாகம் வளையாமலிருக்க நூல் நீளவாக்கில் ஓட வேண்டும். வளைவில் திரும்பும்போது முறுக்கிக்கொள்ளாமலிருக்க 45 டிகிரி சாய்வில் ஓட வேண்டும். ஆகவே ஓர் அடுக்கு நேராக, ஓர் அடுக்கு சாய்வாக என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். குதிகாலைச் சுற்றி அடுக்குகள் கூடும், விரல் பக்கம் குறையும்.

அடுக்கினால் மட்டும் போதாது, ஒட்ட வேண்டும். இரண்டு காகிதத்தைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு காகிதத்தைப் போல இரண்டு மடங்கு விறைப்பு. அதே இரண்டையும் முழுக்கப் பசை தடவி ஒட்டினால் எட்டு மடங்கு. தடிமன் இரட்டித்தால் வளைவை எதிர்க்கும் பலம் எட்டு மடங்காகும் என்பது பொறியியல் பாலபாடம். இந்த எட்டு மடங்கு, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதவரைதான். நடுவே ஒரு காற்றுக் குமிழி சிக்கினாலும் அந்த இடத்தில் பலம் குறையும், நாளடைவில் அங்கிருந்தே விரிசல் ஓடும்.

குமிழியை வெளியேற்ற, கட்டையோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிடுகிறார்கள். வெளியிலுள்ள காற்று ஒவ்வொரு சதுர செ.மீ.யையும் சுமார் 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். பூட்ஸின் பரப்பு 800 சதுர செ.மீ. என்றால் மொத்தம் 800 கிலோ. எந்த எந்திரக் கையும் எட்டாத கணுக்கால் குழிவுக்குள்ளும் அந்த அழுத்தம் ஒரே சீராகப் பரவும். ரெசின் இறுகியதும் உறையைக் கிழித்து, ஓரங்களை அறுத்து, மேல்தோலைப் போர்த்துவது மிச்ச வேலை.

அடுப்பில் வைக்கும் பூட்ஸ்

கார்பனால் ஆனாலும் சில பூட்ஸ்களை வீட்டிலேயே காலுக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்ற முடியும். குறிப்பிட்ட வெப்பத்தில் இளகும் ரெசினை இதற்கென்றே பயன்படுத்துகிறார்கள். ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில், தயாரிப்பாளர் சொன்ன நேரம் வரை ஓவனில் வைத்து எடுத்தால் சுவர் லேசாக நெகிழும். உடனே காலை நுழைத்து, நாடாவை இறுக்கி, முழங்காலை மடக்கி உட்கார்ந்தபடி ஆறவிட வேண்டும். கணுக்கால் எலும்பு இடிக்கும் இடத்தை ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் உள்ளிருந்து அழுத்திக் குழியாக்குவதும் உண்டு. சூடு அதிகமானால் அடியிலுள்ள பசை விட்டுவிடும். அதனால் குக்கர் ஆவியிலோ அடுப்புத் தணலிலோ இதை முயலக் கூடாது.

எல்லா ஸ்கேட்டிங்குக்கும் கார்பன் பொருந்தாது. தாவிச் சுழன்று இறங்கும் ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங்கில் கணுக்காலுக்கு மேல் வரை ஏறிய, பல அடுக்குத் தோல் பூட்ஸுக்குத்தான் இன்றும் மவுசு. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் அனூப் குமார் யாமா தனிப்பிரிவிலும், அவனி பஞ்சாலுடன் ஜோடிப்பிரிவிலும் வென்ற வெண்கலங்கள் இந்தப் பிரிவில் வந்தவைதான். பொழுதுபோக்குக்குச் சறுக்குவோர் வாங்குவது மூன்றாவது வகை: உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் பீய்ச்சி வார்த்த கடினமான கூடு, அதற்குள் கழற்றித் துவைக்கக்கூடிய மெத்தை. அச்சு செய்யத்தான் பெருஞ்செலவு. செய்துவிட்டால் ஒரு கூடு வார்க்கச் சில நிமிடங்களே ஆகும். கடைகளில் குழந்தைகளுக்குக் கிடைக்கும் ஸ்கேட் பெரும்பாலும் இதுதான்.

யாருடைய பாதம்?

கொல்கத்தா, ஆம்பூர் இரண்டிலும் தோலும் கைத்திறனும் இருக்க, பந்தய பூட்ஸில் உலகறிந்த பெயர்கள் ஆஸ்திரேலியாவின் போன்ட், ஜெர்மனியின் பவர்ஸ்லைடு என்றே இருக்கின்றன. விலை ஒரு பிரச்சினை என்றால், வடிவம் இன்னொரு பிரச்சினை. இந்தியாவில் புழங்கும் ஷூ அளவுகள் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. நம் பாதம் அந்த அளவில் அடங்குகிறதா என்று பார்க்க, சி.எல்.ஆர்.ஐ. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர்களின் பாதத்தைவிட அகலமானது என்று தெரிந்தது. அகலம் போதாததால் பலர் தேவைக்கு மேல் நீளமான ஷூவை வாங்கிப் போடுகிறார்கள் என்பதும் தெரிந்தது. இதை வைத்து, பாரதம் என்பதன் முதலெழுத்தான ‘பா’ என்ற பெயரில் எட்டுப் பிரிவுகள் கொண்ட புதிய அளவு முறையை முன்மொழிந்தார்கள்.

நடக்கும் ஷூவில் அரை அங்குலம் நீளம் கூடினால் பஞ்சு வைத்துச் சமாளிக்கலாம். ஸ்கேட்டில் அது குதிகால் கொப்புளமாகவும், திருப்பத்தில் நழுவும் காலாகவும் வந்து நிற்கும். அகலப் பாதத்துக்கான கட்டை நம்மிடமே இருந்தால், அதன் மேல் கார்பனைப் போர்த்துவது நம் தொழிலாளிக்குப் புதுப் பாடமாக இருக்காது. தொண்ணூறு ஆண்டுகளாகத் துணியையும் ரப்பரையும் போர்த்திய கைதான்.

அதே ஆய்வில் பெற்றோருக்கு உடனே உதவும் தகவல் ஒன்றும் உண்டு. பெண்களின் பாத வளர்ச்சி சுமார் 11 வயதிலும், ஆண்களுடையது 15, 16 வயதிலும் உச்சத்தை எட்டிவிடுகிறது. அதுவரை விலையுயர்ந்த கார்பன் பூட்ஸ் தேவையில்லை. அளவை நீட்டிக் குறைக்கும் வசதியுள்ள பிளாஸ்டிக் ஸ்கேட் போதும். “வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க” என்று பள்ளி ஷூவுக்குச் சொல்வதை ஸ்கேட் கடையில் மட்டும் சொல்லாதீர்கள். மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, போட்டியில் அணியும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். முழங்காலை மடக்கி நின்றபடி குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். குதிகால் பூட்ஸுக்குள் தனியாக எழும்பினால், அந்த ஜோடியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.