இகத்புரியில் பத்து நாள் மௌனம்

கசாராவில் ரயிலின் பின்னால் கூடுதல் எஞ்சின் பூட்டி, 37 அடிக்கு 1 அடி ஏற்றத்தில் மலையேறி இகத்புரி சேருவது மும்பைத் தமிழர்களுக்குப் பழகிய பயணம். அந்த ஊரில்தான் தம்மகிரி விபாசனா நிலையம் இருக்கிறது. 1976 முதல் அங்கே தியான வகுப்புகள் நடக்கின்றன.

நிறுவியவர் பர்மாவில் பிறந்த வியாபாரி எஸ்.என். கோயங்கா. தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-இல் ஊ பா கின் என்ற அரசுக் கணக்கு அதிகாரியிடம் இதைக் கற்றவர்.

பத்தாம் நாள் காலை வரை மற்றவர்களோடு பேச்சில்லை. காலை 4 மணிக்கு மணியடிக்கும். முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு உடலில் எழும் உணர்ச்சிகளை. வலியை விரட்டவும் கூடாது, சுகத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம்.

ரிட்டயரான நமக்கு நேரம் இருக்கிறது, நிம்மதிதான் இல்லை. மகன் போன் செய்யவில்லை என்பதையே மனம் அரைத்துக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்த பிறகு, கோபம் வரும்போது மூச்சு மாறுவது எனக்குத் தெரிகிறது. தெரிந்ததுமே பாதி அடங்கிவிடுகிறது.

மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். மற்றவர்கள், போக முடியாவிட்டாலும், தினமும் காலையில் பத்து நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காருங்கள். மாற்றத்தை வீட்டில் இருப்பவர்களே முதலில் சொல்வார்கள்.