உங்களுக்குத் தெரியுமா? எலக்‌ஷன் டியூட்டி

உள்ளாட்சித் தேர்தலில் வாக்குச்சாவடிப் பணி செய்ய ஆசையா? சில நாடுகளில் பொதுமக்களே விண்ணப்பம் போட்டு இந்த வேலைக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டில் அது நடக்காது. அரசு ஊழியர், ஆசிரியர் பட்டியலிலிருந்து கணினி குலுக்கி எடுக்கும். ஆர்டர் உங்களைத் தேடி வரும். கேட்டவருக்குக் கிடைக்காது, வேண்டாம் என்பவரை விடாது!

*

சட்டமன்றத் தேர்தலை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்குப் பஞ்சாயத்துத் தேர்தலை நடத்துவதில் பங்கில்லை. இதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் பெற்றெடுத்த பிள்ளை அது. ஆணையம் கேட்டால் ஆளுநர் ஊழியர்களைத் தந்தாக வேண்டும் என்கிறது சட்டப்பிரிவு 243கே. உங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் மேசைக்கு வரும் அந்த ஆர்டரின் வேர் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

*

நகரத்தில் டியூட்டி விழுந்தவர் கொடுத்து வைத்தவர். அங்கே ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு, அதுவும் இயந்திரத்தில். கிராமத்தில் ஓர் ஆளுக்கு நான்கு வாக்கு, நான்கும் சீட்டில். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒரே பூத்தில் இரண்டு வார்டு வந்துவிட்டால் குழப்பம் வராமலிருக்க இளநீலமும் சேர்ந்துகொள்ளும். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது, பின்னிரண்டில் உண்டு. இதைப் புரியவைக்கும் வேலையும் சாவடி ஊழியர் தலையில்தான். “உதயசூரியன் எங்கே? இரட்டை இலை எங்கே?” என்று வெள்ளைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பாட்டிக்கு, எந்தப் பக்கமும் சாயாமல் பதில் சொல்லத் தனிப் பொறுமை வேண்டும்.

*

சீட்டு என்றால் கையெழுத்து. ஒவ்வொன்றின் முதுகிலும் சாவடியின் அடையாள முத்திரை விழ வேண்டும், தலைமை அலுவலர் கையெழுத்திட வேண்டும். 500 பேர் வாக்களிக்கும் சாவடி என்று வையுங்கள். மொத்தம் 2000 கையெழுத்து! காலையில் அழகாகத் தொடங்கும் பெயர், மதியத்துக்குள் வெறும் கோடாகிவிடும்.

*

வாக்களிக்கத் தரும் முத்திரைக் கட்டையில் ஏன் அப்படி ஒரு விசித்திர வடிவம், சுழலும் அம்புகளைப் போல? வெறும் பெருக்கல் குறி போதாதா? போதாது. மை காயும் முன் சீட்டை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் வேட்பாளர் மீதும் அது ஒட்டிக்கொள்ளும். பெருக்கல் குறியென்றால் எது குத்தியது, எது ஒட்டியது என்று சொல்ல முடியாது. சுழலும் குறியென்றால் ஒட்டியது கண்ணாடியில் பார்ப்பதுபோல மறுபக்கம் சுழலும். அசல் எது என்று எண்ணுமிடத்தில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். சீட்டை முதலில் நெட்டுவாக்கில் மடியுங்கள், பிறகு குறுக்கே என்று ஊழியர் மடித்துக் காட்டுவதும் இதற்காகத்தான். இந்தத் தேர்தலின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நான் இந்தக் கட்டையைத்தான் சொல்வேன்.

*

விரல் மை மைசூரிலிருந்து வருகிறது; கர்நாடக அரசின் மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனத் தயாரிப்பு. அதில் உள்ள சில்வர் நைட்ரேட் தோலில் பட்டு, வெளிச்சம் கண்டதும் கறுக்கும். இடது ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு? இடது கையின் வேறொரு விரல். இடது கையில் விரலே இல்லையென்றால் வலது கை. அதிலும் இல்லையென்றால் எஞ்சியிருக்கும் கையின் நுனி. விதி அதுவரை யோசித்து வைத்திருக்கிறது.

*

பார்வையற்றவருக்கு உதவ வரும் துணையாள் அன்றைக்கு ஒருவருக்கு மட்டுமே துணையாக இருக்கலாம். தெருவுக்கே நான்தான் துணை என்று வருபவரைத் திருப்பி அனுப்புவது தலைமை அலுவலரின் வேலை. சாவடிக்குள் உட்காரும் வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள், மாமன் மச்சான்கள். அலுவலர் ஒருவர்தான் அசலூர். அசலூர்க்காரராக இருப்பதே அங்கே அவருக்குள்ள பெரிய தகுதி.

*

நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர்கள் எல்லாருக்கும் வாக்கு உண்டு. எண் போட்ட சீட்டு தருவார்கள். எண் 1 யாருக்கு? வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு! வாலிலிருந்து தலைக்கு வர வேண்டும் என்பது கையேட்டு விதி. தலையில் தொடங்கினால் கொடுத்து முடிப்பதற்குள் வால் நீண்டுகொண்டே போகும்.

*

உத்திரமேரூர் குடவோலையை எல்லாரும் வேட்பாளர் தகுதிக்காகவே பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் ‘பூத் ஊழியர்’களுக்கான கட்டளையும் இருக்கிறது. கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். ஓலையை எடுப்பவன், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவனாக இருக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? காலை 7 மணிக்கு முன் காலிப் பெட்டியைக் கவிழ்த்து ஏஜென்ட்டுகளுக்குக் காட்டுகிறாரே நம் பி.ஓ. என்கிற தலைமை அலுவலர், அவர் அந்த மத்தியஸ்தனின் வாரிசு. இரண்டு வேட்பாளர் சமமாக வாக்கு வாங்கினால் இன்றும் குலுக்கல்தான்.

*

2022 பிப்ரவரி 19 நகர்ப்புறத் தேர்தலில் கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்டது. முழு உடல் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு மை வைத்த ஊழியர்களை எந்தப் புள்ளிவிவரத்திலும் பார்க்க முடியாது.

*

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவுச் சாமான்கள் கழுதை முதுகில் போன படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கழுதைக்குப் பின்னால் நடந்து ஏறியவர்களும் இதே ஆர்டர் வாங்கியவர்கள்தான்.

*

வாக்குப்பதிவு முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வந்த சீட்டு, கொடுத்த சீட்டு, மீந்த சீட்டு, கெட்ட சீட்டு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கணக்கு. ஒரு மஞ்சள் குறைந்தால் எல்லாச் சீட்டுக் கட்டுகளையும் மறுபடி எண்ண வேண்டும். பிறகு அரக்கு, பிறகு கவர்கள், பிறகு பெட்டியை எடுத்துப் போகும் ஜோனல் (மண்டல) அலுவலரின் வண்டிக்காகக் காத்திருத்தல். ஏழு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் பதினொன்றுக்கு வந்தாலும் கேட்க முடியாது. பெட்டி கை மாறி, ரசீது கைக்கு வரும்வரை பொறுப்பு பி.ஓ.வுடையது.