வாசனையைக் கதையாக்கும் வேதியியல்

பெருநிறுவனங்களைச் சாராத சிறு நறுமண இல்லங்கள் பலவும் வாசனையைக் கதை சொல்லும் ஊடகமாகவே கருதுகின்றன. கொல்கத்தாவில் பிறந்து பாரிஸில் நறுமண இல்லம் தொடங்கிய நீலா வெர்மெய்ர் 2011-இல் வெளியிட்ட மூன்று வாசனைகள் இதற்கு நல்ல சான்று. பெர்ட்ரான் துஷோஃபூர் உருவாக்கிய அவற்றில் 'திரயீ' வேத காலத்தையும், 'மொஹுர்' முகலாயர், ஆங்கிலேயர் காலங்களையும், 'பாம்பே பிளிங்' இன்றைய இந்தியாவையும் சித்திரிக்கின்றன.

கதைக்கு முன்பின் வரிசை வேண்டும். வாசனைக்கு அந்த வரிசையைத் தருவது ஆவியாகும் வேகம். எலுமிச்சை, ஏலக்காய் ஆகியவற்றின் இலேசான மூலக்கூறுகள் தோலில் பட்ட சில நிமிடங்களிலேயே பறந்துவிடும், இது மேல்மணம். மல்லிகை, ரோஜா போன்றவை சில மணி நேரம் நிற்கும், இது நடுமணம். சந்தனம், வெட்டிவேர், சாம்பிராணி ஆகியவற்றின் கனமான மூலக்கூறுகள் நாள் முழுவதும் தங்கும், இது அடிமணம். எது முதலில் வர வேண்டும், எது கடைசிவரை நிலைக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே நறுமணக் கலைஞரின் வேலை.

செட்டிநாட்டைச் சொல்லும் வாசனை ஒன்றுக்கு வேண்டிய பொருள்கள் அந்த மண்ணிலும் சமையலறையிலும் இருக்கின்றன. மேல்மணத்துக்கு ஏலக்காயும் பட்டையும் உண்டு. நடுமணத்துக்கு மல்லிகை உண்டு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விளைநிலங்களில் செட்டிநாடு அமைந்த சிவகங்கை மாவட்டமும் சேரும். மல்லியைக் கொதிநீராவியில் வடித்தால் அதன் நுண்ணிய மணம் கெட்டுவிடும். எனவே அன்று பறித்த பூவை ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு போன்ற 'கான்கிரீட்' எடுக்கிறார்கள். அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால் கிடைப்பது 'அப்சொல்யூட்'. ஒரு டன் பூவுக்கு ஒன்றிரண்டு கிலோ தேறினாலே பெரிது. அதன் மணத்தில் பென்சைல் அசிட்டேட்டின் பழ இனிமை முன்னிற்கிறது. இண்டோல் இரவுப் பூவுக்கே உரிய அடர்த்தியைத் தருகிறது.

அடிமணத்துக்குக் கல்பாசி உண்டு. பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழும் லைக்கன் வகை இது. உலர்ந்த கல்பாசியில் மணம் மெல்லியதாகவே இருக்கும். காய்ந்த எண்ணெயில் போட்டதும் மண்ணும் மரமும் கலந்த வாசனை எழும்பும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்து அத்தர்களிலும் இது சேர்கிறது. இதன் உறவான ஓக் மரப்பாசியும் லைக்கன்தான். 1917-இல் பிரான்சுவா கோட்டி வெளியிட்ட 'சிப்ரே' வழியே அது ஒரு நறுமணக் குடும்பத்துக்கே அடித்தளம் ஆனது. அதிலுள்ள அட்ரனால் சிலருக்கு ஒவ்வாமை தருவதால் ஐரோப்பாவில் தடை செய்யப்பட்டுள்ளது. அதை நீக்கிய சாறே இப்போது பயன்படுகிறது.

கதையைப் படிப்பது மூக்கு. அதில் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் உள்ளன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பார்வையும் ஒலியும் தலாமஸ் வழியாகப் பெருமூளைப் புறணியை அடைகின்றன. வாசனைச் செய்தியோ அந்த இடைநிலையம் இல்லாமலே உணர்ச்சிக்குரிய அமிக்டலாவை எட்டுகிறது. நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸும் அதற்கு வெகு அருகில் இருக்கிறது. பழைய நினைவைப் பழைய உணர்ச்சியோடு வாசனை எழுப்புவதற்கு இந்தக் குறுக்குவழி முக்கியக் காரணம்.

அதனாலேயே ஒரே வாசனை எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்வதில்லை. லைக்கன் மணம் ஐரோப்பியருக்கு ஈரக் காட்டைக் காட்டும். காரைக்குடிக்காரருக்குத் தாளிப்பை நினைவூட்டும். எந்த மூலக்கூறு எப்போது பறக்கும் என்பதோடு, முகர்பவர் எந்த வாசனைகளோடு வளர்ந்தவர் என்பதையும் அறிந்த கலைஞரே கதையைப் பிழையின்றிச் சொல்ல முடியும்.